கசிவைத் தடுக்கும் காவலர்

தும்பாவில் ஒரு மாலைப்பொழுது

திருவனந்தபுரம் நகருக்கு வடமேற்கே, அரபிக்கடலின் ஓரத்தில் அமைந்த ஊர் தும்பா. தென்னந்தோப்புகளும் மீனவர் குடிசைகளும் புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் கொண்ட அமைதியான சிற்றூராக அது விளங்கியது. பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு அருகில் செல்கிறது. ஆகவே மேல்வளிமண்டலத்தை ஆராயும் ராக்கெட்டுகளை ஏவுவதற்கு ஏற்ற இடம் அதுவே என்று விக்ரம் சாராபாயும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தனர். ஊர் மக்கள் மனமுவந்து இடம் கொடுத்தனர். தேவாலயக் கட்டடமே அறிவியலாளர்களின் முதல் பணிக்கூடம் ஆயிற்று.

1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் புறப்பட வேண்டும். அது அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி என்னும் ராக்கெட். அதை ஏவுமேடையில் தூக்கி வைப்பதற்குக் கையால் இயக்கப்படும் ஹைட்ராலிக் பாரந்தூக்கி ஒன்று இருந்தது. பாரந்தூக்கி ராக்கெட்டை உயர்த்தியபோது ராக்கெட் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. காரணம், பாரந்தூக்கியின் எண்ணெய் அமைப்பில் ஏற்பட்ட கசிவு. ஏவும் நேரமோ நெருங்கிவிட்டது. பழுதுபார்க்கப் பொழுது இல்லை. நல்ல வேளையாகக் கசிவு பெரிதாக இல்லை. அங்கிருந்தவர்கள் ஒன்றுகூடித் தம் கைவலிமையால் ராக்கெட்டைத் தூக்கி உரிய இடத்தில் பொருத்தினர். அன்று அந்தப் பணியில் ஈடுபட்டிருந்த இளம் பொறியாளர்களுள் ஒருவர் இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். இந்நிகழ்ச்சியை அவரே தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார்.

இந்திய விண்வெளி வரலாற்றின் முதல் நாளிலேயே ஒரு சிறு கசிவு குறுக்கிட்டது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது தமிழர் பழமொழி. தேருக்கு அச்சாணி எப்படியோ, எஞ்சினுக்குக் கசிவுத் தடுப்பு அப்படி. சாலையில் ஓடும் காரிலும் வானில் பறக்கும் ராக்கெட்டிலும் அதன் பணி ஒன்றே.

இணைப்பும் இடைவெளியும்

எந்த இயந்திரமும் ஒரே துண்டாகச் செய்யப்படுவதில்லை. பல பகுதிகளைத் தனித்தனியே வார்த்தும் கடைந்தும் பின்னர் போல்டுகளால் இணைக்கின்றனர். இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் அவற்றில் மேடும் பள்ளமும் தெரியும். இரண்டையும் எவ்வளவு இறுக்கினாலும் மேடுகள்தாம் ஒன்றையொன்று தொடும். பள்ளங்கள் வழியாகக் காற்றும் நீரும் எண்ணெயும் வெளியேறும்.

அந்த இடைவெளியை அடைப்பதற்காக இரண்டு பரப்புகளுக்கும் நடுவில் மெல்லிய, சற்றே நெகிழும் தகடு ஒன்றை வைக்கின்றனர். அதுவே கேஸ்கட். பட்டறைகளில் அதைப் பாக்கிங் என்றும் சொல்வதுண்டு. போல்டுகளை இறுக்கும்போது கேஸ்கட் நசுங்கி, மேடுபள்ளங்களுக்குள் புகுந்து, வழியை அடைத்துவிடுகிறது. பழங்காலத்தில் கெட்டிக் காகிதம், தக்கை, கல்நார் ஆகியவற்றால் கேஸ்கட் செய்தனர். கல்நார்த் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது என்று தெரிந்தபின் பல நாடுகளில் அதன் பயன்பாடு கைவிடப்பட்டது. இப்போது ரப்பர், கிராஃபைட், பல அடுக்கு எஃகுத் தகடு போன்றவை பயன்படுகின்றன.

எஞ்சின் மூச்சு வாங்கும் வழி

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். வெளிக்காற்று முதலில் வடிகட்டி வழியாகச் செல்கிறது. பின்னர்த் திராட்டில் என்னும் வாயிலைக் கடந்து, பல கிளைகளாகப் பிரியும் ஒரு குழாய்த்தொகுதிக்குள் நுழைகிறது. ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு சிலிண்டருக்குக் காற்றைக் கொண்டுசேர்க்கிறது. இக்குழாய்த்தொகுதியின் பெயர் இன்டேக் மேனிஃபோல்டு. மூச்சுக்குழல் கிளைகளாகப் பிரிந்து நுரையீரலை அடைவது போன்றதே இந்த அமைப்பு.

ஓர் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குரிய காற்றை உள்ளிழுக்கும். 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழல்கிறது எனில், அது 1500 முறை முழுமூச்சு வாங்க இயலும். 1500ஐ 1.2ஆல் பெருக்கினால் 1800. அதாவது ஒரே நிமிடத்தில் 1800 லிட்டர் வரை காற்று அதற்குத் தேவைப்படலாம்.

இந்தக் காற்று அளந்து கொடுக்கப்படுகிறது. எடையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால் எரிதல் முழுமையாக நிகழும். உணரிகள் காற்றின் அளவைக் கணித்துச் சொல்ல, காரிலுள்ள சிறு கணினி அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கச் செய்கிறது.

மேனிஃபோல்டும் எஞ்சினும் சேரும் இடத்தில்தான் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் இருக்கிறது. எஞ்சின் சூடேறும்போது உலோகம் விரிகிறது, குளிரும்போது சுருங்குகிறது. நாள்தோறும் நிகழும் இந்த விரிவிலும் சுருக்கத்திலும் கேஸ்கட் நெகிழ்ச்சியை இழந்து இறுகுகிறது. ஓரிடத்தில் வெடிப்பு விடுகிறது. அந்த வெடிப்பே கசிவின் தொடக்கம்.

கசிவின் அறிகுறிகள்

கசிவு என்றவுடன் உள்ளிருப்பது வெளியே ஒழுகுவதே நினைவுக்கு வரும். இங்கு நடப்பது அதற்கு நேர்மாறானது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது திராட்டில் பெரும்பாலும் மூடியிருக்கும். சிலிண்டர்கள் காற்றை இழுக்கும், வாயிலோ மூடியிருக்கும். எனவே மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வெளிக்காற்று கிடைத்த வெடிப்பின் வழியே உள்ளே பாயும்.

இளநீர் பருகும் உறிஞ்சுகுழலில் ஒரு சிறு கிழிசல் இருந்தால் என்ன நடக்கும்? எவ்வளவு உறிஞ்சினாலும் இளநீர் சரியாக வராது. காற்றே வாய்க்குள் வரும். எஞ்சினின் நிலையும் இதுவே. அளக்கப்படாத காற்று உள்ளே புகுவதால் கலவையின் அளவு கெடுகிறது. எஞ்சின் நின்ற இடத்தில் நடுங்குகிறது. சில நேரம் உஸ் என்னும் ஓசை கேட்கிறது. வண்டி ஏற்றத்தில் திணறுகிறது. பெட்ரோல் செலவு கூடலாம். ஓட்டுநருக்கு முன்னே எஞ்சின் வடிவ எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

சில எஞ்சின்களில் குளிர்விக்கும் நீரும் இதே இணைப்பின் வழியாகச் செல்லும். அவற்றில் கேஸ்கட் பழுதானால் நீர் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில் நெரிசல் மிகுதி. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் நிறைந்த அச்சாலையில், பழுதை அறிந்தும் பொருட்படுத்தாமல் எடுத்துச் செல்லப்படும் கார் நடுவழியில் நின்றுவிட்டால், அது அந்தக் குடும்பத்தின் துன்பத்தோடு முடிவதில்லை. பின்னால் வரும் வண்டிகளுக்கும் ஆபத்தாகிவிடும்.

கேஸ்கட்டை மாற்றும் முறை

கசிவு இருக்கும் இடத்தை உறுதிசெய்வது முதல் வேலை. தேர்ந்த மெக்கானிக், மேனிஃபோல்டுக்குள் தீங்கற்ற புகையைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துவார். புகை எங்கிருந்து வெளிவருகிறதோ அங்கேதான் வெடிப்பு. இதன்பின் வேலை ஒழுங்குமுறைப்படி நடைபெறும்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்தபின் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பு கழற்றப்படும். பெட்ரோல் குழாயிலுள்ள அழுத்தம் தணிக்கப்படும். குறுக்கேயுள்ள குழாய்களும் மின்கம்பிகளும் ஒவ்வொன்றாக அகற்றப்படும். எது எங்கே இருந்தது என்பதற்கு அடையாளச் சீட்டு ஒட்டப்படும். பிறகு மேனிஃபோல்டின் போல்டுகள் வெளி ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தப்படும். ஒரே போல்டை முழுவதும் கழற்றினால் மேனிஃபோல்டு கோணலாகிவிடக்கூடும்.

மேனிஃபோல்டை எடுத்தவுடன் எஞ்சினின் துளைகள் தூய துணியால் மூடப்படும். ஒரு சிறு திருகாணி உள்ளே விழுந்தாலும் எஞ்சின் கெட்டுவிடும். அடுத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கேஸ்கட்டை நெகிழிச் சுரண்டியால் நீக்க வேண்டும். இரும்பால் சுரண்டினால் அலுமினியப் பரப்பில் கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகும். பரப்பு சமமாக உள்ளதா என்பதை நேர்விளிம்புக் கோலை வைத்துச் சோதிப்பர். கோலுக்கும் பரப்புக்கும் நடுவே மெல்லிய அளவுத்தகடு நுழைந்தால் பரப்பு வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த பரப்பின் மேல் எவ்வளவு நல்ல கேஸ்கட்டை வைத்தாலும் பயனில்லை.

பின்னர்ப் புதிய கேஸ்கட் துளைகள் பொருந்துமாறு வைக்கப்படும். ஒருமுறை நசுங்கிய கேஸ்கட்டை மறுபடியும் பயன்படுத்துவதில்லை. போல்டுகள் முதலில் விரலாலேயே திருகப்படும். அதன்பின் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று தடவைகளாக, டார்க் ரெஞ்சு என்னும் அளவுகாட்டும் திருகியால் இறுக்கப்படும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அந்தந்தக் காரின் கையேடு கூறும். இறுக்கத்தை நியூட்டன் மீட்டர் என்னும் அலகால் அளக்கின்றனர். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் முனையில் ஏறத்தாழ 2 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகுவிசை 20 நியூட்டன் மீட்டர். இறுக்கம் குறைந்தால் கசிவு தொடரும். மிகுந்தால் போல்டு முறியும் அல்லது கேஸ்கட் கிழியும். அளவறிந்து செய்வதே தொழில்திறன்.

இறுதியாக எல்லாவற்றையும் பழையபடி இணைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பர். நடுக்கமும் ஓசையும் நீங்கிச் சீராக ஓடினால் வேலை நிறைவுற்றது. பெட்ரோலும் சூடான உலோகமும் உள்ள இடமாதலால் இது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணி. சிறுவர்கள் தள்ளி நின்று பார்த்துக் கற்கலாம்.

உயிர்களைப் பறித்த ஒரு வளையம்

காரில் கசிவு ஏற்பட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். ராக்கெட்டில் அதற்கு வழியில்லை. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவப்பட்டது. அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து இணைக்கப்பட்டவை. இணைப்புகளில் சூடான வாயு வெளியேறாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் இருந்தன.

அன்று காலை கடுங்குளிர். குளிரில் ரப்பர் இறுகி நெகிழ்ச்சியை இழக்கும். இடைவெளியை உரிய நேரத்தில் அடைக்காது. இந்த ஆபத்தைப் பொறியாளர்கள் சிலர் முந்தைய நாள் இரவே எடுத்துக்கூறி, ஏவுதலை ஒத்திவைக்குமாறு வேண்டினர். அவர்கள் சொல் ஏற்கப்படவில்லை. புறப்பட்ட 73 விநாடிகளில் ஓடம் சிதறியது. பள்ளி ஆசிரியையான கிறிஸ்டா மெக்காலிஃப் உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். பின்னர் நடந்த விசாரணையில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியால் அழுத்திப் பனிக்கட்டி நீரில் இட்டுக் காட்டினார். இடுக்கியை எடுத்தபின்னும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஒரு குவளை நீரே உண்மையை உலகுக்கு விளக்கிவிட்டது.

நிறுத்தப்பட்ட கடிகாரம்

எச்சரிக்கைக்குச் செவிகொடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு. 2013 ஆகஸ்டு 19ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட் புறப்பட ஆயத்தமாக நின்றது. இந்தியாவிலேயே உருவான கிரையோஜெனிக் எஞ்சின் அதில் இருந்தது. அத்தகைய எஞ்சின்களை வடிவமைக்கும் திரவ உந்துவிசை அமைப்பு மையம் திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ளது. அவற்றைச் சோதிக்கும் நிலையம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் உள்ளது.

ஏவுவதற்கு 74 நிமிடங்கள் இருந்தபோது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு கண்டறியப்பட்டது. அந்த எரிபொருள் நச்சுத்தன்மை வாய்ந்தது, எளிதில் தீப்பற்றக்கூடியது. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோதும் கவுண்டவுன் உடனே நிறுத்தப்பட்டது. ராக்கெட் மீண்டும் பொருத்துக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கசிந்த இரண்டாம் கட்டத்துக்கு மாற்றாக, வேறு அலுமினியக் கலவையால் செய்த தொட்டியுடைய புதிய கட்டம் இணைக்கப்பட்டது. 139 நாள்கள் கழித்து, 2014 ஜனவரி 5ஆம் நாள் அதே ராக்கெட் ஜிசாட்-14 செயற்கைக்கோளை வெற்றியுடன் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அப்பணியின் இயக்குநராக விளங்கியவர் கன்னியாகுமரி மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த கே. சிவன். அவர் தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்றவர். பிற்காலத்தில் இஸ்ரோவின் தலைவரானார்.

2025ஆம் ஆண்டிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. சுபான்ஷு சுக்லா உள்ளிட்ட நால்வர் அமெரிக்காவிலிருந்து விண்வெளி நிலையம் செல்ல ஜூன் 11ஆம் நாள் குறிக்கப்பட்டிருந்தது. அவர்கள் செல்லவிருந்த ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவது சோதனையில் தெரியவந்தது. இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் தலைமையில் அங்கிருந்த இந்தியக் குழுவினர், கசிவை முழுமையாகச் சரிசெய்து சோதித்த பின்னரே ஏவ வேண்டும் என்று வலியுறுத்தினர். பயணம் ஒத்திவைக்கப்பட்டது, பழுது நீக்கப்பட்டது. விண்வெளி நிலையத்தின் ஒரு பகுதியில் நடந்த பழுதுபார்ப்பாலும் நாள் மேலும் தள்ளிப்போயிற்று. ஜூன் 25ஆம் நாள் புறப்பட்ட நால்வரும் ஜூலை 15ஆம் நாள் நலமாகத் திரும்பினர். நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்தில் மேலக்காட்டுவிளை என்னும் சிற்றூரில் பிறந்தவரே. வலியமலை மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி அதன் இயக்குநராகவும் இருந்தவர்.

பட்டறையும் ஏவுதளமும்

பட்டறையில் எண்ணெய் படிந்த கையோடு நிற்கும் மெக்கானிக், "கேஸ்கட் போய்விட்டது, மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்" என்று சொல்லும்போது, ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பவருக்கு அது கசப்பாகத்தான் இருக்கும். ஏவுதளத்தில் கவுண்டவுனை நிறுத்தும் பொறியாளரின் சொல்லும் அப்படியே. பலருடைய பல மாத உழைப்பும் எதிர்பார்ப்பும் ஒரு நொடியில் தள்ளிப்போகின்றன. ஆயினும் இருவரும் காப்பது ஒன்றையே: உள்ளே அமர்ந்திருப்பவரின் உயிரை.

கேஸ்கட் விலை குறைந்த ஒரு சிறு பொருள். அது சரியாக வேலை செய்யும் வரையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. எவரும் அதைப் புகழ்வதும் இல்லை. வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு இரண்டு பகுதிகளை ஒன்றாக வைத்திருக்கிறது. அதன் குறையை உரிய நேரத்தில் கண்டு, அஞ்சாமல் எடுத்துச் சொல்லி, முறையாகச் சரிசெய்பவரே நல்ல தொழிலாளர். அவரே நல்ல அறிவியலாளரும் ஆவார்.

அருஞ்சொற்பொருள்

பாரந்தூக்கி – கனமான பொருள்களை உயர்த்தும் கருவி
கல்நார் – நார்போன்ற கனிமப் பொருள்
உணரி – வெப்பம், அழுத்தம் முதலியவற்றை அறிந்து தெரிவிக்கும் கருவி
திருகுவிசை – ஒரு பொருளைச் சுழலச் செய்யும் விசை
உந்துவிசை – முன்னோக்கித் தள்ளும் விசை
தன்வரலாறு – ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல்

வினாக்கள்

1. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கேஸ்கட் வைப்பது ஏன்?
2. இன்டேக் மேனிஃபோல்டில் கசிவு ஏற்பட்டால் காற்று உள்ளே பாய்வதற்குக் காரணம் யாது?
3. போல்டுகளைக் கழற்றும் வரிசைக்கும் இறுக்கும் வரிசைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. 1 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்றுகள் சுழன்றால், முழுமூச்சில் எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்?
5. சேலஞ்சர் நிகழ்ச்சியையும் ஜி.எஸ்.எல்.வி. டி5 நிகழ்ச்சியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
6. வீட்டில் உள்ள பொருள்களுள் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் எவற்றில் உள்ளது? பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.